ஆணியைக் கடைசியில் பிடுங்கு

ஔலு நகரம், பிப்ரவரி, விடிகாலை நாலு மணி.
கட்டடத்தில் விழித்திருப்பது
நானும், கீழ்த்தளத்துக் குளிரூட்டிகளும்,
போத்னியா வளைகுடாவில் பனி எவ்வளவு தடிமன் என்று
ஓயாமல் கணக்கிடும் எண்பது கணினிகளும்.

நேற்று அதில் ஒரே ஒரு கட்டத்தில்
நாற்பத்தொரு கிலோமீட்டர் பனி.

பனியுடைப்புக் கப்பலுக்குப் படம் போகுமுன்
யால்மாரி பார்த்துவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தான்.
என் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றது.
"ஹில்க்கா, அந்த டிரைவர் உன்னுடையதுதானே?"

என்னுடையதுதான்.
எழுதியபோது கர்வம்கூட இருந்தது.
சாமி வரம் கொடுத்தாலும் குறுக்கே நிற்கும் பூசாரியாய்
இருந்த கர்னலை
ஓரமாய் நகர்த்தி வைத்தவள் நான்.
ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கதவைத் தட்டி, நகலெடுத்து,
முத்திரை குத்திக் காத்திருப்பதெல்லாம் வேண்டாம்.
முதலில் ஒருமுறை மட்டும் வா.
யார் நீ, சொல். சரிபார்க்கிறேன்.
உன் நினைவகப் பக்கங்களை ஆணியடித்துத் தருகிறேன், அசையாது.
அட்டையின் மணிகளில் ஒன்று உனக்கு, உனக்கே உனக்கு.
அப்புறம் நீயாயிற்று, அட்டையாயிற்று.
மணியடி, அனுப்பு. என்னைக் கூப்பிடாதே.

நல்ல டிரைவர் இருப்பதே தெரியக்கூடாது என்று
மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.
சாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நிரல்கள் சாகும். பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமல்.
செத்தது அட்டைக்குத் தெரியாது.
வழியில் இருக்கும் பாக்கெட்டுக்கும் தெரியாது.
என் நிரலில் ஆணி முதலில் கழன்றது,
மணி அதற்குப் பிறகுதான் அடங்கியது.
நடுவே ஒன்பது மைக்ரோசெகண்ட்.
அதற்குள் பக்கம் கைமாறிவிட்டது.
செத்தவனுக்கு வந்த எண்
பனிக்கணக்கின் மடியில் விழுந்தது.

எதிர்வீட்டு லெம்பி நவம்பரில் போய்ச் சேர்ந்தாள்.
ஜனவரியில் ஒரு மாணவன் குடிவந்தான்.
கதவின் தபால் துளை வழியே
அவன் காலடியில் பல் மருத்துவமனைக் கடிதம்:
"உங்கள் புதிய பல் தயார்."
என்னிடம் நீட்டினான்.
நான் மட்டும் என்ன செய்வேன்?
வாங்கி வைத்திருக்கிறேன், கரண்டிகள் இருக்கும் இழுப்பறையில்.

வரிசையை மாற்ற நாலு வரி போதும்.
மணியை ஊமையாக்கு.
கையில் ஏதும் மிச்சமா என்று அட்டையைக் கேள்.
பதில் வரும்வரை நில்.
ஆணியைக் கடைசியில் பிடுங்கு.

மூன்றாவது வரியில்தான் இரவு முழுக்கப் போனது.
பதிலே வராவிட்டால்?
எத்தனை நேரம் நிற்பது? செத்துக்கொண்டிருக்கும் நிரல்
என் வாசலில் பாதி உயிராய்த் தொங்குமே?
ஒரு நொடி என்று எழுதினேன். அழித்தேன். இரண்டு என்று எழுதினேன்.
அதற்கும் வாய் திறக்காவிட்டால்
அந்தப் பக்கம் ஆணியோடு அப்படியே கிடக்கட்டும்,
இயந்திரத்தை அணைக்கும்வரை யாருக்கும் இல்லை.
வீண்தான். வீணாகட்டும்.

பத்தாயிரம் முறை கொன்று பார்த்தேன்.
ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஒருமுறை
அட்டை மௌனம். பதிவேட்டில் ஒரு வரி:
ஒரு பக்கம் திரும்பவில்லை.

ஏழு மணிக்கு யால்மாரி வந்தான், தொப்பியில் பனியோடு.
"எவ்வளவு?"
"அறுபத்திரண்டு சென்டிமீட்டர்."
காபியை எடுத்துக்கொண்டு
கப்பலுக்குத் தொலைபேசினான்.