எந்த நாட்டு இசை

உரிமத்துக்கு மனுப் போட்ட அன்று
அமைச்சக குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டாராம்:
கன்ட்ரி இசை, சரி.
எந்த கன்ட்ரி?
எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த வெர்னன்
அரை மணி நேரம் விளக்கியும் கட்டம் நிரம்பவில்லை.
'இதர' என்று எழுதி முத்திரை குத்தினார்கள்.

எழுபத்தொன்பது. மனாமா, குதைபியா.
கப்பல் சாமான் கடைக்கு மேல் மூன்றாம் மாடி,
சுவரெல்லாம் முட்டை அட்டை.
முதல் நூறு இசைத்தட்டும் வெர்னன் மனைவியுடையவை.
இரவல்தான். உறைதோறும் நீல மையில் அவள் பெயர்.
கோடைக்கு ஊர் போனவள் திரும்பவில்லை.
தட்டுகளைத் திருப்பிக் கேட்டு வந்த கடிதம்
மின்கட்டண ரசீதுகளோடு கோப்பில் இருந்தது,
நான் சேரும்போதும்.

எனக்கு ஏசி மெக்கானிக் விசா.
ஒலிபரப்புக் கருவி சூடேறாமல் பார்ப்பது வேலை.
பிறகு ஊசி மாற்ற,
பிறகு தட்டு மாற்ற,
பிறகு ராத்திரி முழுக்க.
பேச மட்டும் கூடாது.

ஒரு ஜனவரி, மூடுபனி.
பாலத்தை மூடிவிட்டார்கள், வெர்னன் அக்கரையில்.
மணிக்கொரு தரம் நிலையத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும், அது சட்டம்.
பன்னிரண்டு அடிக்க ஒலிவாங்கியைத் திறந்தேன்.
நாசரேத் பள்ளிக்கூடத்து ஆங்கிலம்,
ஒவ்வொரு எழுத்துக்கும் கூலி கொடுத்துவிடும்.
தொலைபேசி அடித்தது.
புதுக் குரலா இருக்கே, எந்தப் பக்கம் நீ?
தெற்கு, என்றேன்.
அதானே, தெற்கத்தி நாக்கு எனக்குத் தெரியாதா!
டெக்சாஸா?
இன்னும் கொஞ்சம் கீழே.
மெக்சிகோ என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

அதற்கப்புறம் இரவுகள் எனக்கே.
பேரின்பராஜ் வாயில் நுழையாமல்
பெர்ரி ஆக்கினார்கள்.
பெயரில் பேர் மிஞ்சிற்று,
இன்பம் போயிற்று.

தொண்ணூற்றொன்றில் மத்தியானமே இருட்டியது.
வடக்கே எரிந்த கிணறுகளின் புகை
ஆண்டெனாவில் பிசுபிசுத்தது; ஏறித் துடைத்தேன்.
அந்த மாதம்தான் வேண்டுகோள்கள் அதிகம்.
எல்லாம் ரயில் பாட்டு.
தண்டவாளம் ஓரடிகூட இல்லாத தீவில்
ராத்திரிக்கு ஏழு ரயில் விட்டேன்.

பீப்பாய் பத்து டாலருக்கு இறங்கிய வருஷம்
விளம்பரம் தந்த மூவரில் இருவர் ஊரைப் பார்க்கப் போனார்கள்.
மூன்றாமவர் பல் டாக்டர்.
கேட்பது யார் என்று கணக்கெடுக்க
ஃபாத்தின் என்றொரு பெண் வந்தாள், அட்டையும் பேனாவுமாக.
அமெரிக்கர், நூற்றுக்கு ஆறு.
மற்றதெல்லாம்
கான்கிரீட் லாரிப் பட்டாணியர்,
இரவு வார்டு பிலிப்பைன் நர்சுகள்,
சல்மாபாத் கராஜ்களில் நம்மாட்கள்.
வார்த்தை புரிகிறதா? இல்லை.
புரியாமல் ஏன் கேட்கிறீர்கள்?
குல் நவாஸ் என்ற டிரைவர் எழுதிக்கொள்ளச் சொன்னது:
லாரி. சம்பளம். பெண்டாட்டி தூரத்தில். கொஞ்சம் குடி.
வேறென்ன இருந்துவிடப் போகிறது.

வெர்னன் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.
தொப்பியை ஆணியில் மாட்டினார்,
அடுத்த மாதம் போகும்போது எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் பத்து வருஷம் பல் டாக்டரின் தயவு.
பிறகு அலைவரிசையை வேறு யாரோ வாங்கினார்கள்,
புதுப்பாட்டுக்காரர்கள், சின்ன வயசு,
நாற்காலிகளைக்கூட வேண்டாம் என்றார்கள்.
கடைசி ராத்திரி கடைசித் தட்டு முடிந்தது.
ஒலிவாங்கியை மூடினேன். தட்டுகளை, அந்த நீல மைப் பெயரை,
பெட்டியில் அடுக்க ஆரம்பித்தவன்
கருவியை அணைக்க மறந்துபோனேன்.
அணைத்திருந்தால் எல்லார் வண்டியிலும் இரைச்சல் வந்திருக்கும்.
அணைக்காததால் வெறும் சுத்தமான ஒன்றுமில்லாமை
தீவு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது, நாற்பது நிமிடம்.

தொலைபேசி. குல் நவாஸ்.
பெர்ரி பாய், இது யார் பாட்டு?
ரொம்ப நல்லா இருக்கு.
என் இன்ஜின் சத்தம்கூடத் தெளிவாக் கேக்குது.

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.
சுவிட்சில் கை வைத்தபடி
இன்னும் பத்து நிமிடம் ஓடவிட்டேன்.