வாங்காத கார்

தரகர் முபாரிஸ் இரண்டு காரையும்
மல்லியப்பூ சந்திக்குக் கீழே
பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.
ஒரே வருடம், ஒரே வெள்ளை.
பெற்றோல் மட்டும் குடிப்பது ஒன்று.
பற்றரியும் சேர்ந்தது மற்றது,
ஒன்பது லட்சம் கூட.

"இது லீற்றருக்கு இருபது ஓடும் தங்கச்சி,
அது பன்னிரண்டு."
மடுவத்தில் கொழுந்து நிறுத்து
ஈரத்துக்கு, சாக்குக்கு என்று
கழித்தே பழகிய கை என்னுடையது.
அன்றைக்கு மட்டும் கழிக்கவில்லை.

மாதம் இரண்டாயிரத்து நானூறு கிலோமீற்றர்.
எண்பது லீற்றர் மிச்சம், லீற்றர் முந்நூறு.
முப்பத்தேழரை மாதத்தில்
ஒன்பது லட்சமும் வீடு திரும்பும்.
அந்த அரை மாதத்தைக் கண்டுதான்
கணக்கு சரியென்று நம்பினேன்.
கையெழுத்துப் போட்டோம்.

மலை வேறு சொன்னது.
கினிகத்தேனை ஏற்றத்தில்
முகில் கண்ணாடியில் ஒட்ட, வைப்பர் அடிக்க,
பதினாறு.
முப்பத்தேழரை அறுபதானது.
லீசிங் வட்டியை நான் எங்குமே எழுதியிருக்கவில்லை.

இறக்கத்தில் காசு திரும்பும் என்றிருந்தார் முபாரிஸ்,
பிரேக் மிதித்தால் சார்ஜ் ஏறுமாம்.
உண்மைதான்.
கட்டுநாயக்கவுக்குப் பிள்ளைகளை ஏற்றி
சவரிநாதன் இறங்கும்போது
கித்துல்கலைக்கு வெகு முன்பே
திரையில் எல்லாக் கோடும் பச்சை.
அதற்குப் பிறகும் மலை கொடுத்துக்கொண்டே இருக்கும்.
வாங்கிவைக்க இடமில்லை.
என்ஜின் அதை வெறும் உறுமலாகக் காற்றில் விடும்.
ஏறி வரும்போது பின் சீற்றில் ஆளில்லை,
பற்றரியிலும் ஒன்றுமில்லை.

பெற்றோல் விலை கூடிய இரவு
ஷெட் வாசலில் நின்று டவுனே ஏசியது.
நான் கொப்பியைத் திறந்தேன்.
லீற்றர் நானூறென்றால்
அறுபது நாற்பத்தைந்து!
கொஞ்சம் சிரித்தும்விட்டேன்.
மறுநாள் பாண் ஏறியது, பஸ் ஏறியது.
அவற்றுக்கு என் கொப்பியில் கோடு போட்டிருக்கவில்லை.

நாற்பத்தோராவது மாதம்
ரொசல்லை வளைவில் சிவப்பு முக்கோணம் எரிந்தது.
"பற்றரி போச்சு போல. ஆறு லட்சமாம்."
அவர் போனில் சொன்னபோது
தராசு ஆடிக்கொண்டிருந்தது.
புஷ்பகாந்தியின் கொழுந்தில்
இரண்டு கிலோ குறைத்து எழுதிவிட்டேன்.

லலந்த பாஸ் பின் சீற்றைக் கழற்றினார்.
உள்ளே சின்னதாய் ஒரு விசிறி.
அதன் வாய் நிறைய
தேயிலைத் தூசு, ஸ்வெட்டர் நூல்,
ஒரு கொண்டை ஊசி,
நீள நீளமாய்த் தலைமுடி.
பிளேன் ஏறிப்போனவர்கள் விட்டுப்போனது.
"பற்றரி நல்லம். மூச்சுத்தான் அடைச்சிருக்கு."
மூவாயிரத்து ஐந்நூறு.
செலவில் எழுதினேன்.
புஷ்பகாந்தியின் இரண்டு கிலோவை
மடுவத்துப் புத்தகத்தில் திருத்தினேன்.

பக்கத்து லயத்துத் தங்கேஸ்வரன்
மற்றக் காரைத்தான் வாங்கினான்.
"ஒங்க கார் எத்தனை ஓடுது தம்பி?" என்றால்
"ஓடுதுக்கா" என்கிறான்.

ஆகவே வாங்காத கார்
என் கொப்பியில் மட்டும் ஓடுகிறது.
அதற்கு மழையில்லை, முகிலில்லை,
டயர் தேய்வதில்லை, விளக்கு எரிவதில்லை,
எந்த ஏற்றத்திலும் பன்னிரண்டு.
சேறு பூசிய இந்தக் கார்
அதை எங்கே முந்துவது?

விடியற்காலை இரண்டு மணி ஹயர்.
சத்தமே இல்லாமல் கார் பின்னால் நகர்கிறது.
நாய்கூட எழும்பவில்லை.
கண்ணாடியை இறக்கிக் கேட்கிறார்:
"இன்னும் எத்தனை மாசம்?"

நேற்று விலை குறைந்ததை
நான் அவரிடம் சொல்லவில்லை.
பின் சீற்றில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி
அழுது முடித்த முகத்தோடு ஒரு பிள்ளை.
அவளிடம் குனிந்து சொன்னேன்,
தலையை நல்லா முடிஞ்சுக்கம்மா.