காலி ஓவனின் மணி

மாசி முடியும்போது கணவாய்க் காற்று ஒருநாள்
சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.
நாலு மாதம் பனையோலை அடித்த சத்தம் திடீரென இல்லாமல்
விடியலுக்கு முன்பே விழித்துக்கொண்டேன்.
வேலந்தாவளத்தில் வசந்தம் வருவது இப்படித்தான்:
கொல்லைக் கதவு தானாக அறைந்துகொள்ளாத ஒரு காலை.

பூவெல்லாம் அப்புறம்.
முருங்கை முதலில், பிறகு
பெயின்ட் டப்பாவில் நட்ட தக்காளி,
நான் நடவேயில்லாத ஒரு பாகல்.
பூசணிக்கொடி எல்லைக்கல்லை ஒரு சுற்றுச் சுற்றி
தமிழ்நாட்டுக்குள் இறங்கிவிட்டது.
யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

அதில் ஒரு சிக்கல்.
ஆண்பூ எல்லாம் என் பக்கம்,
அடியில் கோலிக்குண்டு பிஞ்சோடு
பெண்பூ எல்லாம் ஷம்லா பக்கம்.
தேனீக்கு என்னவோ இந்த வருஷம் எங்கள் மேல் கோபம்.
ஆறு மணிக்கு ஆண்பூவைக் கிள்ளி, இதழ் உரித்து,
நைட்டியைத் தூக்கிச் செருகி வேலி தாண்டுகிறேன்.
"மாப்பிள்ளை வந்தாச்சா?" என்பாள்
பல் துலக்கிக்கொண்டே.

இருநூற்றுப் பதினாலு.
சாமியப்பனின் சர்க்கரை. கொழிஞ்சாம்பாறை டாக்டர்
மைதாவையும் ஜீனியையும் ஒரே கோட்டில் அடித்தார்.
பேக்கரி வாசலில் பஸ் நின்றால்
வேறு பக்கம் பார்க்கிற மனுஷனை
எத்தனை நாள் பார்ப்பது?
சீட்டுப் பணத்தில் ஓவன் வாங்கினேன்.

முதல் ராகி கேக்கை நாய் குழிதோண்டிப் புதைத்தது.
இரண்டாவதில் சோடா தூக்கலாகி
சோப்பு மாதிரி நாக்கில் நின்றது.
அவர் மட்டும் "பரவாயில்லை" என்று தின்றார்,
தண்ணீர் குடித்துக் குடித்து.

இன்று மூன்றாவது.
ராகி பாதி, கோதுமை பாதி,
தோல் கறுத்த நேந்திரன் ரெண்டு,
புளித்த தயிர், தேங்காயெண்ணெய்,
போன வருஷப் பூசணியைத் துருவி ஒரு கை,
கருப்பட்டி என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு.
நாற்பது நிமிடத்துக்குத் திருகி வைத்தேன்.
இருபத்திரண்டாவது நிமிடத்தில்
கேரளத்தில் கரண்ட் போனது.

கண்ணாடிக்குள் நடுவயிறு குலுங்குகிறது,
ஓரம் மட்டும் வெந்திருக்கிறது.
துண்டில் பொதிந்து, கொத்தவரைப் பாத்தியை மிதித்து,
கல்லைத் தாண்டி ஓடினேன்.
ஷம்லா வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது;
ஓவன்தான் இல்லை.
விறகடுப்பில் பிரியாணி தேக்சா நிறைய மணல்.
நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
கடலையை அள்ளிவிட்டு மணலில் குழி பறித்தாள்,
இறக்கினோம், மூடினாள்,
மூடி மேல் நாலு கரண்டி தணல்.
"தம் போட்டாச்சு. இனிமே அது பாடு."

குந்தி உட்கார்ந்து சூடான கடலை உடைத்தோம்.
நேற்று நான் தொட்டுவிட்ட பூ
வாய் மூடிச் சுருங்கியிருந்தது.
கீழே பிஞ்சு, பச்சைப் பட்டாணியை விழுங்கியதுபோல்
ஒரு நூலளவு பெருத்திருக்கிறது என்றாள்.
எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றேன்.

அப்போது வேலிக்கு அந்தப்பக்கம்,
இருட்டுச் சமையலறையிலிருந்து
டிங்.
கரண்ட் இல்லாவிட்டாலும் ஸ்பிரிங் ஓடுமாம்.
உள்ளே ஒன்றுமில்லாமல்
வெந்துவிட்டது என்று சொல்கிறது.
ஷம்லாவுக்குச் சிரிப்பில் கடலை புரையேறியது.

மூடி திறந்தபோது
நடுவில் உள்ளங்கை அகலம் பள்ளம்.
ஓரத்தில் மணல்வாசம், கருப்பட்டிவாசம், கொஞ்சம் புகை.
குச்சியைக் குத்தினோம்: ஈரமில்லை.
ஒரு துண்டு பிட்டு அவள் மகன் தின்றுவிட்டு
"இது கேக்கா?" என்றான்,
கையை மறுபடி நீட்டிக்கொண்டே.

சாமியப்பன் ஆறரை பஸ்ஸில் வருவார்.
பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்பலாம் என்று
யோசித்தபடி கல் தாண்டுகிறேன்.
மிதிபட்ட கொத்தவரைச் செடிகளை
முதலில் நிமிர்த்திக் கட்ட வேண்டும்.