பூஜ்ஜியம்

ஆறு வருஷம் அந்தப் பதிவேட்டில்
ஒரே எண்ணைத்தான் எழுதினேன்.
தேதி, ஷிப்டு, மீட்டர் அளவு,
கழிவுநீர் வெளியேற்றம்: பூஜ்ஜியம்.
கீழே என் கையெழுத்து, எப்சிபா,
மிஷன் பள்ளியில் பழகிய குண்டு எழுத்து.

மழை பெய்கிற ராத்திரிகளில்
பாய்லருக்குப் பின்னால் இன்னொரு குழாய் திறக்கும்.
காலையில் நொய்யல் பாலத்தை
ஸ்கூட்டியை நிறுத்தாமல் கடப்பேன்.
ஆறு என்ன நிறமென்று பார்க்கவே வேண்டாம்,
முந்தின நாள் ஆர்டர் மனப்பாடம்.

சிலுவையை எடுக்கச் சொன்னதை
ஆயர் பேசும்போதெல்லாம்
என் சிலுவை கர்ப்பப்பைக் கட்டி,
கொழுந்தனின் குடி, வீட்டு லோன்
என்றே எண்ணியிருந்தேன்,
மேலே வந்து விழுவதைச் சுமப்பதென்று.
குனிந்து எடுக்கவேண்டிய ஒன்று
என் மேசைமேலேயே கிடந்தது.

அந்த வாரம் மெரூன்.
திருவிருந்தில் கிண்ணத்துக்குள் பார்த்தேன்.
அதே நிறம்.
அவ்வளவுதான். வேறு தரிசனம் எதுவுமில்லை.

திங்கட்கிழமை எழுதினேன்:
நாற்பதாயிரம் லிட்டர்.

முதலாளி சத்தம் போடவில்லை.
"ஏனம்மணி, உனக்கென்ன கொறை வெச்சேன்?"
டீ வரவழைத்தார்.
மேனேஜர் சம்பளம், பையனுக்குக் காலேஜ் சீட்டு,
எல்லாம் டீ ஆறுவதற்குள்.
"இன்னொருக்கா அந்த முட்டையைப் போட
முடியாதுங்க" என்றேன்.
பக்கத்தைக் கிழித்து நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
நகல் அதற்குமுன்பே
வாரியத்துக்குத் தபாலில் போயிருந்தது.

இருபத்திரண்டாம் நாள் வந்து
கரண்டைப் பிடுங்கினார்கள்.

"ஏசு வந்து டியூ கட்டுவாரா?"
தேவவரம் கேட்டது நியாயம்தான்.
அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டேன்,
பசித்தது.
சபைப் பொருளாளருக்கும் சாயப்பட்டறை உண்டு.
கோயில் வாசலில் கை கொடுக்காமல்
வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் பரவாயில்லை.
பிகாஷ் வந்ததுதான்.
ஒடிசாப் பையன், பத்தொன்பது வயது,
நகக்கண்ணெல்லாம் நீலம்.
"அக்கா, கம்பெனி எப்போ?"
பூட்டவைத்தது யாரென்று அவனுக்குத் தெரியாது.
சொன்னேன்.
சிரித்தான், புரிந்தோ புரியாமலோ.
ஐந்து கிலோ அரிசியை
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.
ஒரு வசனமும் எனக்கு வாயில் வரவில்லை.

வயலிலிருந்து வந்துகொண்டிருந்த
சிரேனே ஊர்க்காரனைப் பிடித்துச்
சுமக்கவைத்தார்களே,
அவனுடைய அந்த நாள் கூலியை
யார் கொடுத்தார்கள்?
நான் எடுத்ததன் மறுமுனை
இன்னொருத்தன் தோளில் இடிக்குமென்று
ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித்தரவில்லை.
தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா?
எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.
கை இன்னும் நடுங்கியிருக்கும்.

இப்போது வீட்டில் பிசிர் வெட்டுகிறேன்,
பீசுக்கு முப்பது காசு.
எந்தப் பட்டறையில் முக்கின துணியென்று
கொண்டுவருகிறவனிடம் கேட்டேன்.
"அதெல்லாம் தெரியாதுங்க்கா" என்று
மூட்டையை இறக்கிவிட்டுப் போனான்.
மடியெல்லாம் மெரூன் நூல்.

நடுச்சாமத்தில் மழை பிடித்தால்
கத்தரி தானாக நின்றுவிடுகிறது.
பாலம்வரை நடந்துபோய்
இருட்டில் நிறமே தெரியாத தண்ணீரைக்
கொஞ்சநேரம் மோந்து பார்த்துவிட்டு
நனைந்துகொண்டே திரும்புகிறேன்.