ஒன்பது வாட்

அந்த வருடம் அப்பாவுக்கு இலக்கம் ஏழு.
மல்லாவிச் சந்தியிலிருந்து துணுக்காய் வரை
மதகில், பாலை மரத்தில், பூட்டிக் கிடந்த சங்கக் கடைக் கதவில்
ஏழு.
கோதுமை மாப் பசை மணத்துக்கு
ஆடுகள் வந்து அப்பாவின் கன்னத்தைத் தின்றன.
கணித பாடத்தில் விடை ஏழென்று வந்தால்
வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பும்.
ஒருநாள் ஏழென்று தெரிந்தும்
எட்டு எழுதிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் கொண்டக்டர் காசு வாங்கமாட்டார்.
"ஐயாவின்ரை பிள்ளையெல்லே."
அவர் கைக்குள் இருபது ரூபாயைத் திணிக்க நான் பட்ட பாடு
பின் சீற்றில் இருந்தவர்களுக்கு
நடிப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

அப்பா குளியலறையில் பேசிப் பழகுவார்.
வாளியில் தண்ணீர் விழ விழ
"என் அன்பான மக்களே" மூன்று தரம்,
மூன்றாவதில் குரல் தழுதழுக்கும்.
தமிழில் எனக்கு ஏ. அதனால்
பேச்சுத் தாள் என் மேசைக்கு வரும்,
முதலில் எழுத்துப் பிழை பார்க்க,
பிறகு வசனம் சேர்க்க.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் இருந்த
வீதியோரக் கொட்டிலுக்கு அவர் போவதற்கு முதல் நாள்
"உருக்கமா ஒண்டு வேணும் பிள்ளை" என்றார்.
தேத்தண்ணியில் பிஸ்கட் தோய்த்தபடி எழுதினேன்:
கடைசிப் பிள்ளை வீடு திரும்பும் வரை
என் வாசல் விளக்கு அணையாது.
பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.
அப்போது எனக்கு அதுதான் கவலை.

அப்பா அதைச் சொன்னபோது யாரும் கை தட்டவில்லை.
நிதுர்சிகாவின் அம்மா மட்டும்
மடியிலிருந்த படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு
பக்கத்தில் பேனை இரவல் வாங்கி
கச்சான் சுற்றிய கடதாசியில்
எழுதிக்கொண்டா.
படத்திலிருந்த அண்ணாவுக்கும் எனக்கும்
ஒரே வயது.

வென்றோம்.
முற்றம் முழுக்கப் பட்டாசுத் தாள்.
அப்பா பாதி கொழும்பில், பாதி வாகனத்தில்.
விளக்கு ஒன்பது நாளோ பத்து நாளோ எரிந்தது.
"பகலிலையும் எரியுது, ஆர் பில் கட்டுறது?"
அவரே ஒருநாள் நிற்பாட்டினார்.

ரியூஷனில் நிதுர்சிகா
கொப்பிக்கு உறை போட்டபடி கேட்டாள்:
"உங்கடை லைற் ராத்திரி நிண்டிட்டுதோ?
அம்மா கேக்கச் சொன்னவா."
"கரண்ட் கட்" என்றேன்.
"எங்கடை வீட்டிலை இருந்தது" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை. உறையைச் சரியாக மடித்தாள்.

அன்றிரவு எழும்பிப் போய்ப் போட்டேன்.
கதிரையில் தூங்கிய காவல் பொலிஸ்காரர்
சிங்களத்தில் ஏதோ கேட்டார்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்குப் பதில் இல்லை.
பூனை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.
அதன்பிறகு அப்பா படுத்ததும் போடுவேன்,
எழும்ப முதல் நிற்பாட்டுவேன்.
முதல் மழையோடு ஈசல் வந்தது.
விடியப்புறம் படியெல்லாம் செட்டை.
கூட்டி அள்ளி வேலிக்கு அப்பால் கொட்டினேன்.

ஒருநாள் நித்திரையாகிப் போனேன்.
பற்பசை நுரையோடு அப்பா சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்றார்.
"ஏன்?"
"நீங்கள் சொன்னனீங்கள்."
"நான் எத்தினையைச் சொன்னனான்."
கோபப்படவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து
மெதுவாகச் சொன்னார்:
"அது நீ எழுதினது."

அது உண்மை.

கார்த்திகையில் பல்ப் எரிந்துபோனது.
சந்திக் கடையில் ஒன்பது வாட் ஒன்று கேட்டேன்.
"ஐயா வீட்டுக்குக் காசோ" என்றார் கடைக்காரர்.
நானூற்று இருபது ரூபாயை
தராசுத் தட்டில் வைத்துவிட்டு
மிச்சம் பார்க்காமல் நடந்தேன்.

விடிய ஐந்து மணிப் பஸ்ஸுக்கு அவ வந்தா,
கையில் பை, பைக்குள் படம்.
யன்னலுக்குள் நின்று பார்த்தேன்.
அவ விளக்கை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
ஒழுங்கையில் வெள்ளம் நின்ற கிடங்கைப் பார்த்து
வெளிச்சம் விழுந்த பக்கமாகக்
கால் வைத்துப் போனா.