மேக்கொழுந்து

கொழும்பில் இதுக்கு ஏகப்பட்ட பேர் இருக்காம்,
மீன் பேர், பூனைக்குட்டிப் பேர்.
எங்கள் பிள்ளைகள் வைத்தது ஒன்றுதான்:
மேக்கொழுந்து.
முத்தின இலையை அடியில் அமுக்கி
ரெண்டு இலை ஒரு மொட்டை மேலே தூவி
நிறுவைக்குக் கொண்டுபோவது.

"ஆள் எப்படிடீ?"
"மேக்கொழுந்து. அடியில பூரா கட்டை."
தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில்
ஒரு மாப்பிள்ளையின் கதை இவ்வளவில் முடியும்.

நானும் போட்டேன்.
லயத்துத் தகரம் தெரியாமல் படத்தை வெட்டினேன்.
பின்னால் நின்ற மலை மிஞ்சியது,
யார் மலை என்று மலையில் எழுதியிருக்காதே.
வயதில் ஐந்தைக் குறைத்தேன்.
ஊர், நுவரெலியா. ரெண்டு பஸ் மாறினால் வந்துவிடும்.
தொழில், தேயிலை ஏற்றுமதி.
பொய்யில்லை, லொறியில் மூட்டை ஏற்றும் கணக்கை
நான்தான் எழுதுகிறேன்.

அவன் பேர் யோகி டெரன்ஸ்.
காரில் சாய்ந்து ஒரு படம்,
கடலோரம் ஒரு படம்,
ரெண்டிலும் தொப்பி.
தொப்பியைப் பார்த்ததுமே தலைக்குப் பத்து வீதம் கழித்தேன்,
சாக்குக்கும் ஈரத்துக்கும் எங்களுக்குக் கழிக்கிற மாதிரி.
உயரத்துக்கு ரெண்டு அங்குலம்.
'பிசினஸ்' என்ற சொல்லை முழுசாகவே.

ஏப்ரல் லீவில் வந்தான்.
ஹட்டன் ஸ்டேஷன். மழை.
எல்லாம் என் கணக்குப்படி சுருங்கியிருந்தது,
பேர் மட்டும் நீண்டது: யோகேஸ்வரன்.
கார் முதலாளியுடையது.
வெள்ளவத்தையில் புடவைக்கடை,
"விரிச்சுக் காட்டுறது அவங்க, மடிக்கிறது நான்."

பிறகு என்னைப் பார்த்தான்.
பார்த்துக்கொண்டே நின்றான்.
அவனும் கழிக்கிறான் என்று தெரிந்தது.
எவ்வளவு என்று கேட்கவில்லை,
நிறுவையில் வாய் திறந்தால் இன்னொரு கிலோ போகும்.

"நுவரெலியாவில எங்க?"
"அதுக்கு இங்கிட்டு."
"எவ்வளவு இங்கிட்டு?"
நான் குடையை விரிக்கிற மாதிரி விரித்துக்கொண்டிருந்தேன்.
"நானும் கொழும்பு இல்ல," என்றான்.
"பொகவந்தலாவை. கீழ்ப்பிரிவு, ஆறாம் லயம்."

லயத்தை வெட்டி மலையை வைத்துக்கொண்டேன் நான்.
மலையையும் சேர்த்து வெட்டிவிட்டு
கடலுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறான் இவன்.

சைவக்கடையில் ரெண்டு பிளேன்டீ.
டஸ்ட்தான். நல்லது கப்பலேறிவிடும்,
ஆனால் சாயம் இதில்தான் பிடிக்கும்.
மேசையில் என் போன் அதிர்ந்தது. நிலோஷா:
"என்னடீ, மேக்கொழுந்தா?"
கவிழ்த்து வைத்தேன்.

அவன் தொப்பியைக் கழற்றி
ஈரத்தை உதறி
சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"முப்பத்தாறு," என்றேன்,
அவன் கேட்காமலே.