ஐந்தாம் மாடி

நான் பிறந்தது அறை எண் 214.
ஸ்கால்டுபோவில், மூட்டுவலிக்காரர்களுக்காகக்
கட்டிய மாளிகை அது.
ரயிலில் வந்திறங்கி இருபத்துநான்கு நாள்
ஊற்று வெந்நீரில் ஊறிவிட்டுப் போவார்களாம்.
நாங்கள் இருபத்தொன்பது வருஷம் இருந்தோம்,
வெந்நீர் இல்லாமல்.

முதல் குளிர்காலத்தில்
நடன அரங்கின் மரத்தரையைப் பெயர்த்து எரித்தார்கள்.
ஓக் மரம், என்னமாய் எரிந்தது என்பார் ஒத்தாரி,
சாப்பிட்ட விருந்தொன்றைச் சொல்வதைப் போல.

பளிங்குத் தூண்களுக்கு நடுவே
அம்மா துணிக்கொடி கட்டியிருந்தாள்.
கேமராவோடு வரும் வெளிநாட்டுக்காரர்கள்
கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று சைகையில் கேட்பார்கள்.
படத்தில் இடிபாடு சுத்தமாக விழவேண்டும்.
அம்மா நகர்த்துவாள்.
என் பள்ளிச் சட்டையை மட்டும் விட்டுவிடுவாள்,
அது காலைக்குள் காயவேண்டும்.
எந்தெந்த ஊர் வரவேற்பறைகளிலோ
இன்னும் காய்ந்துகொண்டிருக்கும்.

மாமுகாவைப் பற்றி வீட்டில் மூன்று வாக்கியங்கள் உண்டு.
அவனுக்கு ஏழு வயது.
சுகுமியை விட்டு வந்த வருஷம், கணவாயில் பனி முந்திக்கொண்டது.
ஈரமாயிருக்கிறதென்று அவன் காலணியைக் கழற்றியது நான்தான்.
நான்காவதை யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

அன்றிலிருந்து அம்மா காலணியோடுதான் தூங்குவாள்.
கோடையிலும். காய்ச்சலிலும்.
கயிற்றில் இரட்டை முடிச்சு.
அம்மாக்கள் என்றாலே அப்படித்தான் என்றிருந்தேன்.
பக்கத்து அறை ஜுஜுனாவின் போர்வைக்கு வெளியே
ஒருநாள் வெறுங்காலைப் பார்த்துவிட்டு
செத்துப்போய்விட்டாள் என்று கத்தி
தாழ்வாரத்தையே கூட்டினேன்.

குட்டாய்சியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார், நல்ல பெண்.
சிரிப்பிலிருந்து அழுகைவரை
ஐந்து முகங்கள் வரைந்த தாளை நீட்டி
இன்று நீங்கள் எது, வட்டமிடுங்கள் என்றாள்.
அம்மா பென்சிலை வாங்கி
ஐந்துக்கும் கம்பளித் தொப்பி வரைந்து
திருப்பிக் கொடுத்தாள்.

போன அக்டோபரில் குலுக்கலில் வீடு விழுந்தது.
ஐந்தாம் மாடி, பெயின்ட் வாசனை,
எங்கள் பெயர் அச்சடித்த தபால்பெட்டி.
வெந்நீர்க் குழாயைத் திறந்து
அம்மா கையை நீட்டியபடி நின்றாள்.
மீட்டர் ஓடுகிறது என்றேன்.
கேட்டமாதிரி தெரியவில்லை.
கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து
எங்கள் இருவரையும் அழித்துவிட்ட பிறகு மூடினாள்.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
தெருவிளக்கு வெளிச்சம் கட்டில்வரை வந்திருந்தது.
அம்மாவின் வலது காலில் காலணி, அதே இரட்டை முடிச்சு.
இடது கால் வெறுமையாக,
வெளுத்து, சின்னதாக,
யாருடையதோ போல.

கழற்றிய காலணி வெப்பமூட்டிக்குப் பக்கத்தில்.
உள்ளே செய்தித்தாள் திணித்து
உலர வைத்திருந்தாள்.
வெளியே மழை இல்லை.
அது நனைந்திருக்கவும் இல்லை.

போர்வையை இழுத்துவிடத் தோன்றியது.
விடவில்லை.

காலை ஆறு மணிக்கு இரண்டையும் மாட்டிக்கொண்டு
கீழே இறங்கியவள்
கொடி கட்ட இங்கே ஒரு தூண்கூட இல்லையா என்று
காவலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.
ஐந்து மாடிக்கும் கேட்டது.